காரணிகர் கடன்

தமிழ் இலக்கணம் கற்கப் புகுவார் நூலுக்குமுன் பாயிரத்தைக் கற்பது நெடுநாளைய வழக்கம். சிறப்புப் பாயிரம் இன்னின்ன செய்திகளைக் கூறவேண்டும் என்று நன்னூலுடையார் வரையறுத்துள்ளார். நூல் செய்தார் பெயர், அந்நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், அது யாக்கப்பட்ட முறை, உணர்த்தும் பொருள், கேட்டற்குரியார், கேட்டதனால் வரும் பயன் என்பன அவை. இவற்றோடு நூல் எழுந்த காலம், அரங்கேறிய களம், எழுதுதற்கு ஏதுவாயிருந்த காரணம் என்னும் மூன்றனையும் கூட்டிச் சொல்வாரும் உண்டு. தேர்வுக்காக இப்பட்டியலை மனனஞ் செய்வார் பலர் இதனை வெறுஞ் சடங்கென எண்ணுதல் கூடும். சிறிது நின்று நோக்கின் இதன் கருத்து விளங்கும். சொல்லப்படுவது யாது என்று அறிதல் மட்டும் போதாது; சொல்லுபவர் யார், எங்கு நின்று, எதன்பொருட்டுச் சொல்லுகின்றார் என்பதனையும் கேட்போர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும் என்பதே அது.

எனினும் இங்கு யாம் எடுத்துக்கொண்ட பொருள் இலக்கணம் அன்று. அரசாங்கம் ஓர் ஆலையையோ, துறைமுகத்தையோ, உணவுப் பொருளையோ, புதிய விதையையோ ஒப்புவதற்குமுன், அதனைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதிய அறிக்கையை வேறு சில நிபுணர்கள் ஆராய்ந்து, ‘இது கொள்ளத்தக்கது, இது தள்ளத்தக்கது’ என்று தீர்ப்புரைப்பர். அங்ஙனம் ஆராய்வோர், ஆராயப்படும் பொருளில் தமக்குள்ள தொடர்பை, அது பணத்தாலாயினும் உறவாலாயினும் உத்தியோகத்தாலாயினும், முன்கூட்டியே வெளிப்படச் சொல்லுதல் வேண்டுமா என்பதே எம் வினா. ஒருவருடைய கடமை ஒரு பக்கமும் அவருடைய நலம் மற்றொரு பக்கமும் இழுக்கும் நிலையை நலமுரண் என இக்காலத்தார் வழங்குவர். யாமும் அப்பெயரையே கொள்வோம்.

இத்தகைய ஆராய்ச்சியாளர்க்குத் தமிழில் நல்லதொரு பழம்பெயர் உண்டு. இறையனார் களவியலுரையின் தொடக்கத்தில் ஒரு கதை வருகின்றது. அகப்பொருள் நூலுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் தனித்தனியே உரை கண்டனர். தத்தம் உரையே மெய்யுரை என ஒவ்வொருவரும் கொண்டமையால் முடிவு காணுதல் இயலாதாயிற்று. ஆகவே தமக்கு ஒரு காரணிகன் வேண்டும் என்றனர். காரணிகன் என்பான் நடுநின்று தேர்ந்து சொல்பவன். அவர்கட்குக் கிடைத்தவனோ உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுடைய ஊமைச் சிறுவன். நக்கீரர் உரையைக் கேட்டு அச்சிறுவன் கண்ணீர் சொரிந்தமை கண்டு, அதுவே மெய்யுரை எனத் துணிந்தனர் என்பது கதை. இஃது உண்மை வரலாறாகுமா என்பது வேறு ஆராய்ச்சி. கதை கட்டினார் கருத்தை மட்டும் நோக்குவோம். நாற்பத்தொன்பதின்மரும் கல்வியிற் குறைந்தாரல்லர். அவருள் ஒருவரையும் காரணிகராக்காமைக்குக் காரணம் யாது? அவ்வழக்கில் ஒவ்வொருவர்க்கும் சொந்தமாக ஓர் உரை இருந்தமையே.

நிற்க. ஊமைச் சிறுவர்களைக் கொண்டு இக்காலத்து அறிக்கைகளைத் தீர்த்தல் ஆகாது. கடலரிப்பைப் பற்றிய கணக்கையும் காற்றிற் கலந்த நச்சுத்துகளின் அளவையும் தேர்ந்து சொல்லக் கற்றவரே வேண்டும். கற்றவர்க்கோ தொடர்புகள் இருந்தே தீரும். அறிவு மிகுந்த இடத்தில் தொடர்பும் மிகுந்திருக்கும் என்பதே இக்காலத்துச் சிக்கல்.

பிறரைச் சொல்லுமாறு கேட்பவர் தாம் முதலிற் சொல்லுதல் முறையாதலின், எம் தொடர்பை இங்கே சொல்லிவிடுகின்றோம். யாம் திருவள்ளூர் மாவட்டத்தினர். எம் தந்தையார் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையிற் பல்லாண்டுகளாகப் பணிபுரிகின்றார். யாம் இக்கல்லூரியிற் கட்டும் சம்பளம் அவர் பெறும் கூலியினின்று வருவது. எம் தாய்வழியார் பழவேற்காட்டு ஏரியில் வலைவீசிப் பிழைப்பவர். எம் இளமையில் உண்ட மீனும் இறாலும் அவ்வேரி தந்தவை. ஆகவே யாம் ஆலையின் புகைபோக்கிக்கும் கடன்பட்டவர், வலைக்கும் கடன்பட்டவர். மேல் வருவனவற்றைப் படிப்போர் இதனை நினைவிற் கொண்டே படிப்பாராக.

எம் வட்டாரத்தை அறியாத அன்பர்க்குச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். இந்திய நாட்டு உவர்நீர் ஏரிகளுள் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திர நாட்டைச் சார்ந்தது. தென்பகுதி எம் மாவட்டத்தது. ஆரணியாறு அதனுள் வந்து விழுகின்றது. தெற்கே கொசத்தலையாறு எண்ணூர்க் கழியிற் கலக்கின்றது. இவ்விரண்டு நீர்நிலைகட்கும் இடைப்பட்ட சிறு நிலப்பரப்பிலும் அதன் அயலிலும் துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், சாம்பற் குட்டைகள் யாவும் நெருங்கியுள்ளன. வடமேற்கே கும்மிடிப்பூண்டியில் உருக்காலைகளும் இரசாயன ஆலைகளும் பலப்பல. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரினின்று 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்திற்கென 2021 சனவரி 22 ஆம் நாளும் 2023 செப்டம்பர் 5 ஆம் நாளும் குறிக்கப்பெற்ற கருத்துக் கேட்புக் கூட்டங்கள் இரண்டும் ஒத்திவைக்கப்பெற்றமையைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர். ஆகவே எம்மூர்களில் ‘அறிக்கை’ என்னும் சொல் கல்லாதார்க்கும் பழகிய சொல்லாயிற்று.

அவ்வறிக்கை உண்டாகும் வழி இது. 2006 செப்டம்பர் 14 ஆம் நாள் மத்திய அரசாங்கம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, பெருந்தொழில் தொடங்க விரும்புவோர் தம் திட்டத்தால் நிலத்திற்கும் நீருக்கும் காற்றிற்கும் மக்கட்கும் நேரக்கூடிய விளைவுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை தருதல் வேண்டும். அதனை எழுதுவோர் அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஆலோசகர்கள். அவர்கட்குக் கூலி கொடுப்பவர் திட்டத்தை உடையவரே. பின்னர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்தை நடத்துவர். அதற்குமுன் அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் நாட்டு மொழியிலும் வைக்கப்படும். முடிவில், பெரிய திட்டங்களை மத்திய அரசாங்கம் அமைத்த நிபுணர் மதிப்பீட்டுக் குழுவும், சிறியவற்றை மாநிலக் குழுவும் ஆராய்ந்து பரிந்துரைக்கும். எழுதுவோர் ஆலோசகர், தேர்வோர் நிபுணர் குழுவினர். இப்பின்னவரே நம் காலத்துக் காரணிகர்.

சில ஆண்டுகளுக்குமுன், எம் வட்டாரத்தில் தொடங்கவிருந்த ஒரு திட்டத்தின் தமிழ்ச் சுருக்கம் எம் பாட்டனார் வீட்டிற்கு வந்தது. திட்டத்தின் பெயர் இங்கு வேண்டா. தாளைப் படிக்கும் பணி, தமிழ் நன்கு படிப்பவர் என்னும் காரணத்தால், எமக்குத் தரப்பட்டது. திண்ணையில் பாட்டனாரும் அம்மானும் அயலார் சிலரும் அமர்ந்திருந்தனர். அன்று விடுமுறையாதலின் எம் தந்தையாரும் வந்திருந்தார். அத்திட்டம் வருமாயின் தம் ஆலைக்கு வேலை பெருகும் என்னும் நம்பிக்கை தந்தையார்க்கு உண்டு. அம்மானுக்கோ தம் வலைக்கு இடங்குறையும் என்னும் அச்சம். யாம் முதற் பக்கத்தைப் படித்து முடிக்குமுன் பாட்டனார் கைகாட்டி நிறுத்தினார்.

“தம்பி, இந்தக் கணக்கை எழுதினவருக்குக் கூலி கொடுத்தது யார்?” என்றார்.

யாம் தாள்களைப் புரட்டினோம். ஆலோசகர் பெயரும் அவர் பெற்ற அங்கீகாரத்தின் எண்ணும் இருந்தன. கேட்ட வினாவுக்கு விடையில்லை. அப்பொழுது எம் தந்தையாரே, “மாமா, திட்டம் போடுகிறவர்கள்தான் கொடுப்பார்கள். சட்டமே அப்படித்தான்” என்றார். திண்ணையில் ஓர் அமைதி நிலவியது. அம்மான் எழுந்து செல்ல முற்பட்டார். பாட்டனார் அவரை அமர்த்திவிட்டு எம்மை நோக்கி, “அதைச் சொல்லிவிட்டுப் படி, தம்பி. கேட்கிறோம்” என்றார்.

நிபுணர் நூல்கள் பலவற்றில் விரித்துரைக்கப்படும் கொள்கை முழுவதும் அச்சொற்களுள் அடங்கியுள்ளது என்பது எம் துணிபு. கூலி பெற்றவர் எழுதியதாதலின் அதனைக் கேளோம் என்று அவர் சொல்லவில்லை. கற்றவர் எழுதியதாதலின் அப்படியே கொள்வோம் என்றும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் படி என்றார். அறிந்து கேட்பவர் காது வேறு. அறியாது கேட்பவர் காது வேறு.

அதன் பயன் உடனே விளங்கியது. நீரின் தன்மையையும் மீன்வளத்தையும் மார்ச்சு முதல் மே வரையில் மூன்று திங்கள் ஆராய்ந்ததாகச் சுருக்கத்தில் ஒரு வரி வந்தது. வேறு நாளாயின் யாவரும் அவ்வரியைக் கடந்து சென்றிருப்போம். அன்று அம்மான், “மழை பெய்து முகத்துவாரம் திறந்த பிறகல்லவா இறால் ஏறும்? வெயில் காலத்தில் அளந்தால் என்ன கிடைக்கும்?” என்று கேட்டார். மழைக்காலம் ஒழிந்த ஒரு பருவத்தின் அளவுகளைக் கொண்டு அறிக்கை எழுதுதல் நம் நாட்டில் விதி ஒப்புகின்ற வழக்கமே. எழுதியவர் ஒரு பொய்யும் எழுதவில்லை. அளந்தது உண்மை; அளந்த திங்கள்தான் வேறு. நலமுரண் பெரும்பாலும் பொய்யாக வருவதில்லை. எந்தத் திங்களில் அளப்பது, எந்த இடத்தில் நீர் முகப்பது, எதனை ஐயத்திற்குரியதென ஒதுக்குவது என்னும் சிறு சிறு தேர்வுகளில் அது மறைந்து வாழும். நேர்மையுடையார் தாமும் அறியாமல் தமக்கு வசதியான தேர்வைச் செய்தல் கூடும். ஆதலின் ‘யான் நேர்மையுடையேன்’ என்னும் உறுதிமொழி இதற்கு மருந்தாகாது. கேட்பவர் எவ்விடத்தில் உற்றுக் கேட்கவேண்டும் என்பதனை அவர்க்குக் காட்டுவதே மருந்து.

இஃது ஆலை முதலாளிகளைப் பற்றிய குறை மட்டும் அன்று. எம் மாவட்டத்து அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையம் மாநில அரசாங்கத்துக்குரியது. அதன் புகையையும் சாம்பலையும் கண்காணிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அம்மாநிலத்ததே. ஒரு கை செய்வதை மற்றொரு கை அளக்கின்றது. இவ்விடத்தில் எவரும் இலஞ்சம் பெறவேண்டுவதில்லை. மின்சாரம் தடையின்றி வரவேண்டும் என்னும் அரசாங்கத்தின் நியாயமான விருப்பமே அளப்பவர் கையை மெல்ல அழுத்துதல் கூடும். அரசாங்க விஞ்ஞானத்தில் நலமுரணை ஆராய்வோர் தனியார் பணத்தை மட்டும் நோக்கின் பாதியே நோக்கியவராவர்.

இனி நம் நாட்டில் வழக்கு மன்றங்கள் கண்ட சில நிகழ்ச்சிகளைக் காண்போம். கோவா நாட்டு ரிவோணா என்னும் ஊர்ப்பகுதியில் ஒரு சுரங்கத்துக்கு அளிக்கப்பட்ட ஒப்புதலை எதிர்த்து உத்கர்ஷ் மண்டல் என்னும் அமைப்பினர் தில்லி உயர்நீதிமன்றத்தை அடைந்தனர். அவ்வொப்புதலைப் பரிந்துரைத்த மத்திய நிபுணர் குழு சுரங்கங்களுக்கெனவே அமைந்தது. அதன் தலைவராயிருந்த எம். எல். மஜும்தார் நான்கு சுரங்கத் தொழில் நிறுவனங்களில் இயக்குநராகவும் இருந்தமை வழக்கில் எடுத்துக்காட்டப்பட்டது. தலைமை நீதிபதி ஏ. பி. ஷா, நீதிபதி எஸ். முரளீதர் ஆகிய இருவரும் 2009 நவம்பர் 26 ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், சுரங்கத் தொழிலின் வளர்ச்சியில் நேரான நலமுடைய ஒருவரைச் சுரங்கக் குழுவின் தலைவராக்குதல் தகாத வழக்கம் என்றும், அதனாற் குழுவின் நம்பகம் கெடும் என்றும் கருத்துரைத்தனர். அத்தலைவர் தவறான தீர்ப்புச் செய்தார் என்று மெய்ப்பித்த பின்னரே இங்ஙனம் கூறவேண்டும் என நீதிபதிகள் எண்ணவில்லை என்பது கருதத்தக்கது. தீர்ப்பு நேரியதாகவே இருந்திருக்கலாம். அதனை நம்புதற்குரிய வழி கேட்பவர்க்கு இல்லாமற் போயிற்று. அதுவே கேடு.

மற்றொன்று உணவைப் பற்றியது. 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவின் தரத்தை ஆராயும் விஞ்ஞானக் குழுக்களில் சார்பற்ற நிபுணர்களே அமர்தல் வேண்டும் என்கின்றது. ஆயினும் அமைக்கப்பட்ட குழுக்களில் உணவுத் தொழில் நிறுவனங்களின் ஊழியரும் இடம்பெற்றிருந்தனர். பொதுநல வழக்கு ஒன்று எழவே, உச்சநீதிமன்றம் 2011 ஆம் ஆண்டில் அக்குழுக்களைச் சட்டத்துக்கு இயைய மாற்றியமைக்குமாறு பணித்தது. அச்சட்டம் தொழில் நடத்துவோரை வாயிலில் நிறுத்தவில்லை. அவர்களையும் நுகர்வோரையும் குழுவினர் அழைத்துக் கேட்கவேண்டும் என்றே அது கூறுகின்றது. அழைக்கப்பட்டுப் பேசுவோர் வேறு; அமர்ந்து தீர்ப்போர் வேறு. இவ்வேற்றுமை மிக நுட்பமானது. மிகத் தேவையானதும் ஆம்.

எம் மாநிலத்துக் கூடங்குளத்து நிகழ்ச்சி இன்னும் சிக்கலானது. அணுமின் நிலையத்தின் பாதுகாப்பைப் பற்றி மக்கட்கு எழுந்த அச்சத்தை ஆராயத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2012 பிப்ரவரியில் நால்வர் குழுவொன்றை அமைத்தது. அவருள் ஒருவர் அணுசக்தி ஆணையத்தின் முன்னாள் தலைவர் எம். ஆர். சீனிவாசன். கூடங்குளத்துக்கென 1988 ஆம் ஆண்டில் சோவியத்து நாட்டோடு உடன்படிக்கை செய்யப்பட்ட காலத்தில் ஆணையத்தின் தலைவர் அவரே. போராடிய மக்கள் அவர் நியமனத்தை ஏற்கவில்லை. அவர் அறிவை ஐயுறுதற்கு ஏதுமில்லை. அணுவுலைகளை அவரினும் நன்கறிந்தார் நம் நாட்டில் மிகச் சிலரே. ஐயத்துக்கு இடமானது அவர் நின்ற இடம். தாம் தொடங்குதற்குத் துணைநின்ற செயலைத் தாமே ஆராய்தல் எத்துணைப் பெரியார்க்கும் அரிது. பணம் ஒரு காசும் கைமாறாத இடத்தும் நலமுரண் உண்டாதல் இதனால் விளங்கும்.

இங்கே ஒரு தடை எழும். தொடர்புடையார் எல்லாரையும் நீக்கின் ஆராய்தற்கு எஞ்சுவார் யார்? இத்தடை நியாயமானதே. இதற்கு விடை கூற நம் முன்னோர் இருவேறு வழிகளைக் காட்டியுள்ளனர். ஒருவன் நூலுக்குச் சிறப்புப் பாயிரம் செய்தற்குரியார் அவனுடைய ஆசிரியர், அவனோடு ஒருங்கு கற்றவர், அவன் மாணாக்கர், அந்நூலுக்கு உரை கண்டவர் என்னும் நால்வர் என்பர் நன்னூலுடையார். நால்வரும் அவனுக்கு அணுக்கமானவரே. ஆயினும் அவர்கள் நீக்கப்படவில்லை. நூலை அறிந்தவர் அவர்களே என்பது கருத்து. எனினும் பாயிரம் செய்தார் இன்னார், அவர் ஆக்கியோனுக்கு இன்ன முறையினர் என்பதனை உரையாசிரியர் மறவாது குறித்து வைத்தனர். தொல்காப்பியப் பாயிரம் செய்த பனம்பாரனார் தொல்காப்பியரோடு ஒருங்கு கற்றவர் என்பதனை அறிந்தே நாம் அதனைப் படிக்கின்றோம். இது சொல்லி அமரும் வழி.

மற்றொரு வழி விலகி நிற்பது. உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்து, கி. பி. 919, 921 ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட கல்வெட்டுக்கள் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆளெடுக்கும் குடவோலை முறையைக் கூறுகின்றன. முன்னர் வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை. அவன் மட்டும் அன்று. அவன் தாய்வழி, தந்தைவழி உறவினர் இன்னின்னார் என எண்ணி அவர்களையும் அக்கல்வெட்டு விலக்குகின்றது. ஓலையை எடுப்பவன் ஏதுமறியாத சிறுவன். அச்சபை அந்தணர் சபை. உழுவார்க்கும் வலைவீசுவார்க்கும் அதில் இடமில்லை என்பதனையும் உடன் சொல்லுதலே நடுவுநிலைமை. ஆயினும், எந்தத் தொடர்பு ஒருவனை விலக்கும் என்பதனை ஆள் எடுக்குமுன்னரே வரையறுத்துக் கல்லில் எழுதி யாவருங் காண வைத்த அறிவு போற்றத்தக்கது. சிறு தொடர்பாயின் சொல்லி அமர்க. பெருந்தொடர்பாயின் சொல்லி விலகுக. இரண்டிற்கும் பொதுவாயிருப்பது சொல்லுதல்.

வேறொரு தடை மானத்தைப் பற்றியது. ‘எம் தொடர்பை எழுதித் தருக என்பது எம்மைத் திருடர் என ஐயுறுதலன்றோ?’ எனச் சான்றோர் சிலர் முகஞ்சுளிப்பர். இக்கல்லூரிப் பேராசிரியர்கள் இதற்கு நல்ல விடையாவர். பல்கலைக்கழகத் தேர்வுப் பணிக்குச் செல்லுமுன், தம் நெருங்கிய உறவினர் அத்தேர்வை எழுதவில்லை என்று அவர்கள் கையொப்பமிட்டுத் தருகின்றனர். எழுதுவாராயின் வினாத்தாள் அமைக்கும் பணியினின்றும் விலகுகின்றனர். இதனால் எந்தப் பேராசிரியர் மானமும் குன்றியதாக யாம் கேட்டதில்லை. மாணவர் அவர் இட்ட மதிப்பெண்ணை முறுமுறுப்பின்றி ஏற்பதற்கு அக்கையொப்பமும் ஒரு காரணம். எம் போன்றாருடைய ஒரு தாளுக்கு இத்துணைக் காவல் உண்டென்றால், ஓர் ஏரியின் எதிர்காலத்துக்கு எத்துணைக் காவல் வேண்டும்?

மூன்றாவது தடையே வலியது. தொடர்பைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்க நாட்டுக் கெய்ன், லோவென்ஸ்டீன், மூர் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர் 2005 ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டனர். நாணயங்கள் நிரம்பிய ஒரு சாடியின் மதிப்பைச் சிலர் ஊகிக்கவேண்டும். வேறு சிலர் அவர்கட்கு ஆலோசனை கூறுவர். ஊகம் உயர உயர ஆலோசகர்க்கு ஊதியம் உயரும். இதனை வெளிப்படச் சொல்லிய ஆலோசகர், சொல்லாதாரினும் மிகுத்தே உரைத்தனர். ‘யாம்தான் சொல்லிவிட்டோமே’ என்னும் எண்ணம் அவர் மனச்சான்றின் கட்டைத் தளர்த்திவிட்டது போலும். கேட்டவரோ வேண்டிய அளவுக்குத் தள்ளிக் கணக்கிடவில்லை. ஆகவே சொல்லுதல் தொடக்கமே அன்றி முடிவன்று. சொல்லியதைக் கேட்டு, ‘இவர் அமரலாமா?’ எனத் தீர்மானிப்பதற்கு வேறொருவரும், ‘இவர் சொன்னதில் எதனை மீண்டும் அளக்கவேண்டும்?’ எனக் கேட்பதற்கு மக்களும் இருத்தல் வேண்டும். பெட்டியிற் பூட்டிய உறுதிப் பத்திரத்தால் ஆவது ஒன்றுமில்லை.

அமெரிக்க நாட்டு வழக்கம் இதில் ஒருவாறு வழிகாட்டும். அந்நாட்டு விஞ்ஞானக் கழகம் அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறும் குழுக்களை அமைக்குமுன், உறுப்பினராகத் தக்கார் பெயரையும் வரலாற்றையும் வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்கவேண்டும் என 1997 ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் கூறுகின்றது. நலமுரணுடையாரை இயன்றவரை தவிர்த்தல் வேண்டும். தவிர்க்கவே இயலாதவிடத்து அம்முரணை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். 2004 டிசம்பரில், அரசாங்கத் துறைகளின் விஞ்ஞான அறிக்கைகளை ஆராயும் நிபுணர்க்கெனத் தனியே விதிகளும் வெளிவந்தன. அறிக்கையை ஆக்குதலிற் பங்குகொண்டவர் அதனை ஆராய்தலில் அமரலாகாது என்பது அவற்றுள் ஒன்று. நம் நாட்டிலும் மரபணு மாற்றிய கடுகைப் பற்றிய வழக்கில் 2024 சூலை 23 ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் வேறுபட்ட தீர்ப்புக்களை வழங்கிய பின்னர், அவ்வாண்டின் இறுதியில் மத்திய அரசாங்கம் ஒரு வரைவு விதியை வெளியிட்டது. அத்தகைய பயிர்களை மதிப்பிடும் குழுவின் நிபுணர் தம் தொடர்பை அறிவித்தல் வேண்டும் என்பது அவ்வரைவின் நோக்கம்.

எம் கருத்தைச் சுருங்கச் சொல்வோம். அரசாங்கத்துக்கென எழுதப்படும் ஒவ்வோர் அறிக்கைக்கும், அதனை ஆராயும் ஒவ்வொரு குழுவின் தீர்ப்புக்கும் ஒரு பாயிரம் வேண்டும். எழுதியவர் யார், ஆராய்ந்தவர் யார், அவர்கட்கு ஊதியம் தந்தவர் யார், எத்தொழிலில் அவர்க்கோ அவர் குடும்பத்தார்க்கோ பங்குண்டு, இப்பொருள் பற்றி முன்னர் எப்பக்கம் நின்றார், எவர் எக்காரணத்தால் விலகினார் என்பன அதில் இருத்தல் வேண்டும். அப்பாயிரம் தீர்ப்புக்குப் பின்னன்று, முன்னே வெளிவருதல் வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் வைப்பதுபோல் அதனையும் தமிழில் வைத்தல் வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்களுடைய ஆங்கில அறிக்கையை மீன்பிடிப்போர் படித்தல் அரிது. ஒரு பக்கத் தமிழ்ப் பாயிரத்தை யாரேனும் ஒரு மாணவர் திண்ணையில் அமர்ந்து படித்துக் காட்டலாம்.

நண்பர்களே! நம்முடன் பயில்வாருள் இரசாயனமும் உயிர்நூலும் கற்போர் பலர். அவருட் சிலர் நாளை ஆலோசகராவர். சிலர் ஆலைகளில் அமர்வர். சிலர் அரசாங்கக் குழுக்களில் வீற்றிருந்து, தாம் ஒருமுறையும் காணாத ஓர் ஊரின் நீரைப் பற்றித் தீர்ப்புரைப்பர். தமிழ் கற்கும் யாமும் நாளை பரிசுக்குரிய நூல்களைத் தேரும் குழுவிலோ, பாடநூற் குழுவிலோ அமர்தல் கூடும்; அங்கும் நண்பர் நூல் ஒன்று மேசைமேல் இருக்கும். அன்று நம் தொடர்பை எவரும் கேளாதிருக்கலாம். கேட்கும் விதியும் இல்லாதிருக்கலாம். கேட்கப்படுமுன் சொல்லுவதே காரணிகர் கடன். தம் நிலையைச் சொல்லிய பின்னரும் கேட்கப்படும் சொல்லே நிலைபெறும். அதனை மறைத்து வென்ற சொல் வெளிப்பட்ட நாளில் தன்னோடு உண்மையையும் இழுத்துக்கொண்டு வீழும். எம் தந்தையாரும் அம்மானும் இன்றளவும் அத்திட்டத்தைப் பற்றி ஒத்த கருத்தினரல்லர். ஆயினும் ஒருவர் நின்ற இடத்தை மற்றவர் அறிவர். ஆதலின் ஒருவரோடொருவர் பேசுகின்றனர். ஒரு நாட்டின் விஞ்ஞானத்துக்கும் மக்களுக்கும் இடையே அத்தகைய பேச்சு நிகழ்தல் வேண்டும் என்பதே எம் அவா.